ஈயம் முடியும் இடம்

மார்ச் 4, செவ்வாய்

வேன் சாவியை என்னைக் கேட்காமல் ஆணியிலிருந்து எடுத்துவிட்டான் தம்பி. எனக்குச் செய்யப்பட்ட அநியாயம் இது. பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக முதல் வரியிலேயே எழுதி வைக்கிறேன்.

சலவைக்கடை எங்கள் இருவருக்கும் பொது. வேனை ஓட்டுவது அவன். ஆனால் அதன் ஒயரிங் முழுவதும் என் கை. நாற்பத்தொரு வயதில் ஆரம்பித்தேன், இப்போது அறுபத்தெட்டு. சாவி எப்போதும் என் அறை வாசல் ஆணியில்தான் தொங்கும். காலையில் நான் விளக்குகளைப் பார்த்த பிறகுதான் அவன் எடுத்துப் போவான். அந்த ஆணி இன்று வெறுமனே இருக்கிறது.

போன வியாழன் மாலை, மழையில், மருத்துவமனைத் துணிகளை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கியவன் பிரேக் போட்டிருக்கிறான். பின்னால் ஸ்கூட்டரில் வந்தவர் நேராக வந்து மோதினார். ரொட்டிக்கடையில் மாவு பிசைபவர். வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. வேனின் பிரேக் லைட் எரியவே இல்லை என்கிறார். போலீஸ்காரர் அங்கேயே போட்டுப் பார்த்தாராம். இரண்டு பக்கமும் எரியவில்லை.

வேனைப் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் ஒயர்களை இணைத்திருந்த ஆறு பின் கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, ஒயர்களை முறுக்கி டேப் சுற்றி அனுப்பிவிட்டார். "உங்க அக்கா போட்ட ஜாயின்ட்தான் விட்டிருக்கு" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். என் தம்பி நம்பிவிட்டான்.

"இனிமே வண்டில கை வைக்காதக்கா. போதும்."

போதுமாம்.

மார்ச் 5, புதன்

ஒரு விஷயத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. விபத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் பின்விளக்குக் கண்ணாடி மாற்ற வேன் அதே பட்டறைக்குப் போனது. கண்ணாடி மாற்றக் கப்ளரைக் கழற்றியாக வேண்டும். லாக்கை அழுத்திக் கழற்றாமல் ஒயரைப் பிடித்து இழுத்திருப்பார். அந்த ஆள் அப்படித்தான். ஒன்பது வருடம் விடாத ஜாயின்ட், அவர் கை பட்ட பதினான்காம் நாள் விடுமா?

மார்ச் 6, வியாழன்

பட்டறைக்குப் போனேன். அவரை எல்லோரும் எட்டாம் நம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு எட்டாம் நம்பர் ஸ்பேனர் இருக்கும், கல்யாணத்துக்குப் போனாலும்.

"என் கப்ளர் எங்கே?"

"குப்பைல இருக்கும்கா. அது எதுக்கு உங்களுக்கு? தாலாட்டுப் பாடவா?"

பக்கத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். குப்பை போடும் தகரப் பீப்பாயைத் தரையில் கவிழ்த்தேன். எண்ணெய்த் துணி, உடைந்த கண்ணாடி, தேநீர்க் குவளைகள். அடியில் கிடந்தது, இரண்டு பாதியும் சேர்ந்தபடியே. இரண்டு பக்கமும் நாலு விரற்கடை ஒயரோடு வெட்டியிருக்கிறார். லாக் நாக்கு உடைந்திருக்கிறது.

"இத யாரு ஒடச்சது?"

"கழட்டும்போது ஒடஞ்சிருக்கும்."

"பாத்தீங்களா" என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்தேன். பீப்பாயை நான் நிமிர்த்தவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மருத்துவமனை. ரொட்டிக்காரரின் கால் கம்பியில் தூக்கிக் கட்டியிருக்கிறது. நாற்பது வயதுகூட இருக்காது. கைகள் கட்டிலின் இரண்டு பக்கமும் சும்மா கிடந்தன. வேலை செய்த கைகள் சும்மா கிடப்பதைப் பார்க்க முடியவில்லை.

"நாளெல்லாம் நின்னுட்டே செய்யற வேலைம்மா" என்றார். "இனிமே எவ்ளோ நேரம் நிக்க முடியும்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கறார்."

அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், குற்றவாளியின் அக்கா வந்திருக்கிறாள் என்பது தெரிந்தது. சொல்லிவிட்டேன். தப்பு எங்கள் வீட்டில் இல்லை, பட்டறையில். பின்விளக்கு மாற்றியவர் கப்ளரை இழுத்துக் கெடுத்திருக்கிறார். கைக்குட்டையைப் பிரித்து உடைந்த நாக்கையும் காட்டினேன்.

ரொட்டிக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்துணூண்டா" என்றார்.

வருகிற இருபதாம் தேதி வண்டி சோதனை அதிகாரி வருகிறார். எல்லோரிடமும் வாக்குமூலம் வாங்குவார். தம்பியின் லைசென்ஸ் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதற்குள் இதை நிரூபிக்க வேண்டும்.

மார்ச் 8, சனி

தம்பி மனைவி செய்தி கொண்டுவந்தாள். ரொட்டிக்காரர் மனைவி பட்டறை வாசலில் நின்று சத்தம் போட்டாளாம். அரைமணி நேரம். பள்ளிக்கூட வண்டிகள் இரண்டு அங்கே நின்றிருக்கின்றன. அவற்றின் ஓட்டுநர்கள் வேலை முடியும் முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்ததை இல்லை என்று எழுத மாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

இருபதாம் தேதி அந்த அதிகாரி வரும்போது வேனில் டேப் சுற்றிய முறுக்கு இருக்கக் கூடாது, சரியான கப்ளர் இருக்க வேண்டும். உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

"ஆறு பின் தானே? இந்தாங்க" என்று, நான் கேட்டு முடிப்பதற்குள் கடைக்காரர் ஒன்றை நீட்டினார்.

எல்லோரும் செய்யும் தப்பு இது. ஓட்டையை எண்ணிவிட்டால் போதும் என்று நினைப்பது. ஆறு ஓட்டை ஆயிரம் கப்ளரில் இருக்கும். லாக் அகலப் பக்கத்தில் இருக்கிறதா, குறுகிய பக்கத்திலா? தப்பாகச் செருகாமல் இருக்க நடுவில் ஒரு வரம்பு இருக்குமே, அது எந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில்? பின்னின் அகலம் என்ன? என் கப்ளரின் பின் ஆறேகால் மில்லி. அவர் கொடுத்தது நாலே முக்கால். அளவுகோலைப் பையிலிருந்து எடுத்து அவர் கண் முன்னாலேயே அளந்தேன்.

"உங்க தொல்ல தாங்கலம்மா" என்றார். "இந்த மாடல் வர்றதில்ல. வண்டி உடைக்கிற எடத்துல பாருங்க. பின்னு மட்டும் வேணா புதுசு தர்றேன்."

அவரே தேடி எடுத்துக் கொடுத்தார். சரியான அளவு. பன்னிரண்டு, இரண்டு பாதிக்கும். இரண்டு வீணாகலாம் என்று பதினாலு வாங்கினேன்.

மார்ச் 11, செவ்வாய்

வண்டி உடைக்கும் இடம். எங்கள் வேனின் உடன்பிறப்புகள் மூன்று, சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கின்றன. முதல் இரண்டில் கப்ளர் உருகிப்போயிருந்தது. மூன்றாவதன் அடியில் சாக்கு விரித்துப் படுத்தேன். இடுப்பு திட்டியது. காதில் வாங்கவில்லை.

சேற்றை நகத்தால் சுரண்டினால், அதே வரம்பு, அதே அகலப்பக்க லாக். வெள்ளையாகப் பிறந்து மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக். லாக்கை அழுத்தினேன், ஒரு சின்னச் சத்தத்தோடு கழன்று வந்தது. கம்பெனியில் போட்டதை யாரும் தொடவில்லை. இருபது வருடம் இருக்கும்.

வெளியே உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு பின்னும் ஒயரைக் கவ்வியிருக்கிறது, அவ்வளவுதான். உருக்கி ஒட்டும் ஈயம் இல்லை. அழுத்திக் கவ்விய பிடி மட்டும். அதற்குப் பின்னால் இன்னொரு பிடி ஒயரின் தோலைக் கவ்வுகிறது. இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஆறும் அப்படியே.

கம்பெனிக்காரன் ஈயம் வைக்காதது மிச்சம் பிடிக்கத்தான் என்று இருபத்தேழு வருடமாகச் சொல்லிவருகிறேன். நான் போட்ட ஒவ்வொரு ஜாயின்டிலும் குறடால் அழுத்தியது போதாது என்று ஈயமும் வைப்பேன். "நம்ம வேலை ரெட்டைத் தையல்" என்பேன். கடையில் கிழிந்த படுக்கைவிரிப்புகளைத் தைத்த கை அல்லவா, அப்படித்தான் புத்தி போகும்.

மிச்சம் பிடித்தது ஏன் இருபது வருடம் நிற்கிறது?

மார்ச் 12, புதன்

என் பழைய கப்ளரைத் திறந்தேன். காலை வெளிச்சத்தில், ஜன்னல் ஓரம்.

தையல் ஊசியை ஓட்டைக்குள் விட்டு பின்னைப் பிடித்திருக்கும் சின்ன நாக்கைத் தள்ளினால் அது ஒயரோடு பின்பக்கம் வந்துவிடும். இரண்டு பக்கப் பிரேக் லைட்டுக்கும் உள்ளது பச்சையில் சிவப்புக் கோடு போட்ட ஒயர். அதை எடுத்தேன். பின்னில் ஈயம் பளபளவென்று இருந்தது. என் வேலை. அழகாகத்தான் இருந்தது.

பின்னை ஒரு கையிலும் ஒயரை ஒரு கையிலும் பிடித்து லேசாக ஆட்டினேன். ஈயம் முடியும் இடத்தில், தோலுக்குள், துவண்டது. கீல் வைத்தது போல. பிளேடால் தோலைக் கீறினேன்.

அறுந்திருக்கிறது. ஈயத்தில் இல்லை, பிடியில் இல்லை. ஈயம் ஊறிக் கட்டையாகிப்போன ஒயரும் சாதாரண ஒயரும் சேரும் இடத்தில், கத்தியால் வெட்டியதுபோல் ஒரே வரிசையில்.

இழைகளைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். பதினாறு. பதின்மூன்று கறுத்து, நுனியில் பச்சை பிடித்திருக்கின்றன. மூன்று மட்டும் புதுச் செம்பாக மின்னுகின்றன.

பச்சை இரண்டு வாரத்தில் பிடிக்காது. வருடக்கணக்காக ஒவ்வொன்றாக அறுந்திருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும், ஒவ்வொரு குலுக்கலிலும்.

அந்த மூன்றைப் பட்டறைக்காரர் இழுத்து அறுத்திருக்கலாம்.

பதின்மூன்றை அறுத்தது நான்.

மார்ச் 13, வியாழன்

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய்.

மார்ச் 14, வெள்ளி

ஒரு கப்ளரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நான் எதையும் செய்து பார்க்காமல் நம்பியதில்லை. என் தப்பை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

புது ஒயர் ஆறு துண்டு, அதே கடையில் தனியாக வாங்கிவந்த ஆறு பின். மூன்றில் குறடால் அழுத்தி ஈயம் வைத்தேன். மூன்றில் வெறுமனே அழுத்தினேன். மேசை விளிம்பில் பின்னை இறுக்கிவிட்டு, ஒயரை மேலும் கீழும் மடக்கி எண்ணினேன்.

ஈயம் வைத்தது: 17, 14, 19. மூன்றும் ஒரே இடத்தில் போயின.

வைக்காதது: எழுபது வரை எண்ணினேன். கை வலித்தது. ஒன்று பிடியிலிருந்து நழுவியது, குறடால் ஒழுங்காக அழுத்த முடியாததால். மற்ற இரண்டும் அறுந்தபாடில்லை.

ஆக, அழுத்துவதற்குச் சரியான கருவி வேண்டும். அது என்னிடம் இருந்ததே இல்லை. அது இல்லாத குறையை ஈயத்தால் மூடினேன். மூடியதை என் திறமை என்று சொல்லிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை கேட்டேன். அப்போதிருந்த பட்டறையில், இந்தப் பின்னை எப்படி அழுத்துவது என்று. அங்கே இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். ஒருவர், "ஊசில நூல் கோக்கற மாதிரிதான்கா" என்றார். அதற்குப் பிறகு நான் யாரையும் எதையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒருவராவது சொல்லியிருப்பார். சிரித்தது அவர்கள் தப்பு. அதற்குப் பிறகு இருபத்தேழு வருடம் கேட்காமல் இருந்தது யார் தப்பு?

மார்ச் 15, சனி

காலையில் அறைக்கு வெளியே வந்தால் சாவி ஆணியில் தொங்குகிறது.

தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான். முகம் தெளிவாக இருந்தது; விபத்துக்குப் பிறகு அப்படிப் பார்க்கவில்லை.

"நீ சொன்னதுதான் சரிக்கா. ஊரே பட்டறைக்காரரத்தான் சொல்லுது. ரொட்டிக்காரர் வீட்லயும் நம்ம மேல கோவம் இல்ல. அதிகாரிகிட்டயும் அப்படியே சொல்லிடலாம். நான்தான் அவசரப்பட்டு உன்ன பேசிட்டேன்."

பதினோரு நாள் இதற்குத்தான் காத்திருந்தேன். இந்த வார்த்தைகளைத்தான் மனசுக்குள் அவன் வாயில் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். அறுந்த ஒயர், பூதக்கண்ணாடி, ஆறு துண்டுகள். அவன் குனிந்து பார்த்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

"இது யாருக்காவது தெரியுமா?"

"உனக்கும் எனக்கும்."

"அப்ப விட்ருக்கா. இத வெளிய சொன்னா என்ன ஆகும்? உன் பேரும் போகும், என் லைசென்ஸும் போகும்."

"பட்டறைக்காரர் பேரு போனா பரவாயில்லயா?"

"அவர் உன்ன எத்தன தடவ நக்கல் பண்ணியிருப்பாரு. இப்ப என்ன புதுசா பாசம்?"

கதவருகில் நின்ற தம்பி மனைவியும் சொன்னாள். "அண்ணி, அந்தாளு காலு ஒடஞ்சது ஒடஞ்சதுதான். யார் மேல பழியப் போட்டாலும் எலும்பு சேரப் போறதில்ல."

எனக்குக் கோபம் வந்தது. பாசமாம். அந்த ஆளிடம் எனக்கு என்ன பாசம்? பொய்ப்பழி போட்டால் எப்படி இருக்கும் என்று நானே இதே நோட்டில் முதல் வரியில் எழுதி வைத்திருக்கிறேன், அதை என்ன கிழித்தா போடுவது? செய்யாத தப்புக்குச் சாவியை எடுத்தான் என்று குதித்தேன், இப்போ செஞ்ச தப்புக்குத் திருப்பித் தர்றான், அத வாங்கி ஆணில மாட்டிக்கணுமா நான்?

சாவியை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"இருபதாம் தேதி நான் பேசிக்கறேன்" என்றேன். அவன் சாவியோடு வெளியே போய்விட்டான்.

மார்ச் 16, ஞாயிறு

வேறொன்று இருக்கிறது. நேற்றே தெரியும். எழுதப் பயமாக இருந்தது.

வேலை நோட்டை எடுத்தேன். எந்த வண்டி, எந்த ஒயர், எந்தத் தேதி என்று எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் வேன் மட்டும் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்திருக்கிறேன். பதினொரு வண்டிகள். ஐந்து இப்போது ஓடவில்லை. ஆறு ஓடுகின்றன.

அந்த ஆறிலும் ஈயம்.

மார்ச் 17, திங்கள்

பட்டறை. வாசலில் வண்டிகள் இல்லை. எட்டாம் நம்பர் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"வாங்கக்கா. இன்னும் யார்கிட்டயாவது சொல்ல வேண்டியது பாக்கி இருக்கா?"

கப்ளரையும் பூதக்கண்ணாடியையும் மேசையில் வைத்தேன். "பாருங்க" என்றேன். அவர் உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. அவர் பார்த்தார். ஊசி முனையால் இழைகளைப் பிரித்துப் பார்த்தார்.

"இத நீங்களேவா கண்டுபிடிச்சீங்க?"

"வேற யாரு?"

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, உங்க ஜாயின்ட்டுன்னு."

"ஜாயின்ட்டுன்னு சொன்னீங்க. எந்த எடம், எதனாலன்னு சொல்லல. உங்களுக்கே தெரியாது."

ஊசியைக் கீழே வைத்தார். "தெரியாதுதான்" என்றார். "பழைய ஜாயின்ட்டு, விட்டிருக்கும்னு நெனச்சேன்."

"நான் உங்கமேல சொன்னது தப்பு. ரொட்டிக்காரர்கிட்டயும் போய்ச் சொல்லப் போறேன், அதிகாரிகிட்டயும். ஆனா லாக்க ஒடச்சது நீங்க. முறுக்கி டேப் சுத்தினதும் நீங்க. அது எந்த ஊர் வேல?"

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, சண்ட போட வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் திரும்பி வந்திருப்பேன். பின் அழுத்தும் கருவி வேண்டும் என்று கேட்டேன். இருபத்தேழு வருடத்தில் இரண்டாவது முறையாக ஒரு பட்டறையில் உதவி கேட்டேன்.

"கருவியத் தரமாட்டேன்" என்றார். பிறகு, "நான் எடுத்துட்டு வர்றேன். எந்த வண்டின்னு சொல்லுங்க."

"எங்க வேனோட சேத்து ஏழு வண்டி" என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

மருத்துவமனை. சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். ரொட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் மனைவி, "போன வாரம் வந்து அவ்ளோ உறுதியா சொன்னீங்களே" என்றாள். ஆமாம், சொன்னேன். "என்ன வச்சு ஒரு மனுஷன ரோட்ல நிக்க வச்சுத் திட்ட விட்டீங்களே" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன்.

கிளம்பும்போது அவர் கண்ணைத் திறந்தார். "மத்த வண்டியெல்லாம்?" என்றார். நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவராகத்தான் கேட்டார்.

மார்ச் 19, புதன்

காலையில் வேனுக்கு அடியில் வேலை. எட்டாம் நம்பர் தன் டேப்பைத் தானே பிரித்தார், நான் கேட்டபடி. உடைக்கும் இடத்திலிருந்து வந்த கப்ளர், புதுப் பின்கள். முதல் பின்னை அவர் அழுத்திக் காட்டினார். மற்ற பதினொன்றையும் நான் அழுத்தினேன். மூன்றாவது நன்றாக வரவில்லை. வெட்டி எறிந்துவிட்டு வேறு போட்டேன். தம்பி உள்ளே இருந்து வந்து, யாரும் சொல்லாமலே வண்டியில் ஏறிப் பிரேக்கை மிதித்தான். இரண்டு பக்கமும் எரிந்தது. அவன் என்னோடு பேசவில்லை. ஆனால் நான் போதும் என்று சொல்லும்வரை மிதித்துக்கொண்டே இருந்தான்.

இனி ஆக வேண்டியவை:

நாளை காலை பத்து மணி, அதிகாரியிடம் வாக்குமூலம் — நான். ஈயம் வைத்தது யார், எப்போது, எதனால் அறுந்தது. அறுந்த ஒயரும் ஆறு துண்டுகளும் கொண்டுபோக வேண்டும்.

பிரேக் லைட் பழுது தனக்குத் தெரியாது என்பதை மட்டும் சொல்ல வேண்டும் — தம்பி. அதற்கு மேல் எனக்காக ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பள்ளிக்கூட வண்டி ஓட்டுநர்கள் இருவரிடமும் பட்டறைமேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும் — நான். ஆள் விட்டுச் சொல்லக் கூடாது, நேரில்.

லாக்கை உடைத்ததை அதிகாரியிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் — எட்டாம் நம்பர். ஒப்புக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

ரொட்டிக்காரர் நிற்கும்வரை அவர் வீட்டுத் துணி எங்கள் கடையில் — தம்பி மனைவி. அவளாகவே சொன்னாள்.

பால் வண்டி, பிரேக் லைட் — வெள்ளி, நானும் எட்டாம் நம்பரும்.

கண் டாக்டரின் கார், முன்விளக்கு — வெள்ளி, நாங்கள் இருவரும்.

மரக்கடை லாரி, பின்விளக்கு முழுவதும் — சனி. அதுவரை இருட்டில் எடுக்க வேண்டாம் என்று இன்றே சொல்ல வேண்டும் — நான்.

தபால்காரரின் வண்டி, இண்டிகேட்டர் — திங்கள்.

ஐஸ் வண்டி, பிரேக் லைட் — திங்கள்.

கடைசி வீட்டு ஆட்டோ, பிரேக் லைட். அது வெளியூர் போயிருக்கிறது. எங்கே என்று இன்று மாலைக்குள் கண்டுபிடிக்க வேண்டும் — நான்.

சாவி — தம்பியிடம்.

ஆணியைப் பிடுங்க வேண்டும் — நான்.